ஏற்றத்தில் கழற்றிய பிளக்

வத்தல்மலை
6 ஜனவரி 2025

இல்லை, விற்கவில்லை. விற்கப்போவதாக உங்களிடம் யார் சொன்னார்கள் என்று கேட்கப்போவதும் இல்லை. லாரி வாசலில்தான் நிற்கிறது. நிற்பதுதான் பிரச்சினை.

பொட்டலத்தில் ஆறு ஸ்பார்க் பிளக் இருக்கின்றன, சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனிக் காகிதத்தில் சுற்றி எண் போட்டிருக்கிறேன். அடிவாரத்து டீக்கடை முன்னால், உர லோடு வரும்வரை சும்மா நிற்கும் நேரத்தில் கழற்றியவை. துடைக்கவில்லை. துடைத்த பிளக்கில் படிக்க ஒன்றும் இருக்காது என்று நீங்கள் பட்டறையில் யாரையோ திட்டியது ஞாபகம் இருக்கிறது. வண்டியில் இப்போது இருப்பது அப்பாவின் பெட்டியில் கிடந்த இன்னும் பழைய செட்.

டீசல் வண்டியாக இருந்தால் பிளக்கே கிடையாது. உங்களுக்கு எழுதவும் வேண்டியிருக்காது. ராணுவ ஏலத்தில் பெட்ரோல் லாரியைத்தான் எடுப்பேன் என்று அப்பா அன்று பிடிவாதமாக நின்றார்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. லோடோடு ஏறும்போது பாதி மலையில் இழுவை போய்விடுகிறது. போன வாரம் இரண்டு முறை வளைவில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை பின்னால் பஸ்.

நஞ்சம்மாளை உங்களுக்குத் தெரியும். நம் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவர். இப்போது விவசாயிகள் குழுவுக்குத் தலைவி. "ஏம்மா தேனு, உன் வண்டி மேல ஏறுமா, இல்ல மூட்டைய நாங்களே தலையில வச்சுக்கலாமா? இன்னொருக்கா வழியில நின்னுச்சுன்னா கீழ டீசல் வண்டிக்காரனுக்குச் சொல்லிருவோம். கோவிச்சுக்காத" என்றார். கோபித்துக்கொள்ள முடியாத குரல்.

பொங்கல் முடிந்தால் காப்பி இறங்கத் தொடங்கும். உரமும் அரிசியும் ஏற வேண்டும். அந்தச் சவாரி போய்விட்டால் லாரி வெறும் இரும்பு. இடுப்பு உடைந்த அப்பாவைப் பார்க்க வந்த மகளாக மட்டும் நான் இங்கே மிஞ்சுவேன். அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு பாலக்கோடு, பள்ளிக்கூட வேலை, உங்கள் வீடு.

வண்டி ஓடினால் நான் இங்கே இருப்பேன். ஓடாவிட்டால் இறங்கி வர வேண்டும். இது உங்களுக்கும் தெரியும் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன் வேண்டாம். போனில் நாம் பிளக்கைப் பற்றிப் பேச மாட்டோம். வத்தல்மலை பஸ் கண்டக்டர் முருகேஷ் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வார்.

எந்த பிளக் போட வேண்டும்? அதை மட்டும் எழுதுங்கள்.

தேன்மொழி


பாலக்கோடு
9 ஜனவரி

தேனு,

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கடிதம் தொடங்க எனக்கு வராது. நீ எம்.ஏ. படித்தவள், உனக்கு வரும்.

ஆறையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறும் கறுப்பு. ஈரக் கறுப்பு. முதலும் கடைசியும் எண்ணெயில் முக்கியெடுத்த மாதிரி இருக்கின்றன. நுனி சூடேறவே இல்லை என்று அர்த்தம்.

பிளக்கில் சூடு, குளிர் என்று வகை உண்டு. சூடான வகை எரியும் சூட்டைத் தன் நுனியிலேயே வைத்துக்கொள்ளும், படிகிற கரியைத் தானே சுட்டு உதிர்த்துவிடும். குளிர்ந்த வகை சூட்டை உடனே இன்ஜினுக்குக் கடத்திவிடும். கடுமையான வேலைக்கு அது நல்லது. மந்தமான வேலைக்குப் போட்டால் கரி பிடிக்கும். உன்னுடையது கரி பிடித்திருக்கிறது. வயதான இன்ஜின், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், எண்ணெய் ஏறும். அதனால் ஒரு படி சூடானது போடலாம் என்று முடிவு செய்தேன்.

உன் பிளக்கில் இருக்கும் நம்பர் இப்போது வருவதில்லை. தருமபுரியில் மாரியப்பன் கடையில் கேட்டேன். "மாதவா, இந்த வண்டி இன்னும் உசுரோட இருக்குதா? மிலிட்டரிக்காரனே மறந்துட்டானேப்பா" என்றார். மாமனார் வண்டி என்றேன். "அப்ப சரி, மாமனாருங்க லேசுல போக மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மேல் அடுக்கில் தூசியோடு இருந்த பெட்டிகளை இறக்கினார். ஒரு கம்பெனியில் நம்பர் ஏறினால் குளிர்ச்சி. இன்னொரு கம்பெனியில் நம்பர் ஏறினால் சூடு. அட்டவணையை வைத்து இரண்டு தடவை சரிபார்த்துத்தான் எடுத்தேன். மரையின் நீளத்தையும் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

முதலில் விரலால் சுற்று. விரல் முடிந்த பிறகு ஸ்பேனர். நுனி இடைவெளியை அளந்து வைத்து அனுப்பியிருக்கிறேன், தொடாதே.

அம்மா உன்னைக் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் லாரி ரிப்பேர் என்றேன். லாரிக்கா உனக்கா என்றார். அம்மாவுக்கு இப்போதெல்லாம் பேச்சு அதிகம்.

மாதவராஜ்


வத்தல்மலை
13 ஜனவரி

பிளக் போட்டேன். விரல், பிறகு ஸ்பேனர். உங்கள் சொல்படி.

முதல் நாள் காலையில் ஒரே சுற்றில் பிடித்தது. அடிவாரத்தில் உரம் ஏற்றினோம். லோடு இறக்கும் தீர்த்தகிரி அண்ணன் பக்கத்தில். நான்கு வளைவு ஏறும்வரை பறந்தது. ஐந்தாவதில் ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடியது, இழுவை குறைந்தது. ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்திச் சாவியை அணைத்தேன். இன்ஜின் நிற்கவில்லை.

சாவி என் கையில். இன்ஜின் உதறிக்கொண்டு ஓடுகிறது. தன்னிச்சையாக. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன், ஒரு குலுக்கலோடு நின்றது.

பாதி மூட்டைகளை வளைவில் இறக்கி வைத்துவிட்டு மெதுவாக ஏறினோம். மீதியை இரண்டாவது நடை வந்து எடுத்தோம். நஞ்சம்மாள் வாசலில் நின்று பார்த்தார். மூட்டைகளை எண்ணிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை. மாலையில் அவர் பேரன் வந்து சொன்னான், 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை லோடுதான் கடைசிச் சந்தர்ப்பமாம்.

மறுநாள் காலி வண்டியோடு இறங்கினேன். கடைசி வளைவில் சாவி போட்டபோது வழக்கம்போல் சைலன்சரில் ஒரு வெடி. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீக்கடையில் எனக்கு டீ ஆற்ற ஆரம்பிப்பார்கள். அங்கேயே உங்கள் பிளக்குகளைக் கழற்றி அப்பாவின் பழைய செட்டைப் போட்டேன். இதோ அவை. ஆறும் கறுப்பு. ஈரக் கறுப்பு.

இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். சூடு போதாது என்று நீங்கள் மாற்றிக் கொடுத்த பிளக், ஏற்றத்தில் இன்ஜினைக் கொதிக்க வைக்கிறது. கழற்றிப் பார்த்தால் சூடே ஏறாத மாதிரி நனைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதுகிறேன். லாரி நின்றால் நான் இறங்கி வருவேன். லாரியை எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவர் ஒருவர்தான். "உங்கப்பன் வண்டிக்கு டிரைவர் கெடைப்பான், என் வூட்டுக்குப் பொண்டாட்டி கெடைப்பாளா" என்று தக்காளி மண்டி முன்னால் அத்தனை பேர் கேட்கச் சொன்னவரும் அவர்தான்.

தேன்மொழி


பாலக்கோடு
16 ஜனவரி

தேனு,

உன் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பொங்கலன்று மறுபடி எடுத்துப் படித்தேன். இன்று எழுதுகிறேன்.

நீ வர வேண்டும் என்று நினைக்கிறேன். தினமும் நினைக்கிறேன். அது வேறு. ஏற்றத்தில், லோடோடு, நீ ஸ்டியரிங் பிடித்திருக்கும் வண்டிக்குத் தப்பான பிளக் கொடுப்பது வேறு. அதற்கு மேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.

இப்போது பிளக்.

எத்தனையோ வருடமாக நான் வைத்திருக்கும் சட்டத்தை உடைத்தேன். துடைத்தேன். பெட்ரோலில் நனைத்த துணியால் மூன்றாம் எண்ணைத் துடைத்தபோது கரிக்கு அடியில் பீங்கான் வெள்ளையாக இருந்தது. சுட்ட சுண்ணாம்பு வெள்ளை. அதில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஆறிலும் அப்படித்தான். அடியில் வெந்திருக்கிறது, மேலே நனைந்திருக்கிறது. ஒரே பிளக்கில் இரண்டு இன்ஜின் ஓடியிருக்கிறது.

பிறகு உன் கடிதத்தை மூன்றாவது முறை படித்தேன். கடைசி வளைவில் சாவி போட்டபோது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அதுவரை சாவி எங்கே இருந்தது?

மலை முழுக்கச் சாவியை அணைத்துவிட்டுக் கியரில் இறங்குகிறாயா? பாலக்கோட்டில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். இங்கே இறங்க மலை இல்லை. அதனால் எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

சாவி அணைந்தாலும் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சுற்றுகிற இன்ஜின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும், கீழிருந்து எண்ணெயை உறிஞ்சும். எரிக்கத் தீப்பொறி கிடையாது. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஆறு பிளக்கையும் குளிப்பாட்டிக்கொண்டு வருகிறாய். அடிவாரத்தில் கழற்றி எனக்கு அனுப்புகிறாய். நான் இறக்கத்தைப் படித்துவிட்டு ஏற்றத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய முதல் செட் கெட்டதே இல்லை. நனைந்தபடியே மலை ஏறச் சொன்னால் எது ஏறும்?

இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் என்றுதானே அணைக்கிறீர்கள்? மிச்சம் ஆவதில்லை. சைலன்சரில் வெடிக்கிறதே, அதுதான் நீங்கள் மிச்சம் பிடித்த பெட்ரோல். மாமாவிடம் சொல்.

இப்போது செய்ய வேண்டியது. சூடு பிளக் இனி வண்டிக்குள் போகக் கூடாது, பிஸ்டன் ஓட்டை விழும். இப்போது வண்டியில் இருக்கும் பழைய செட்டைக் கழற்றி நன்றாகக் காயவைத்துப் போடு. ஒரு நடை சாவியை அணைக்காமல் இறங்கு. லோடு ஏற்றி மேலே வரும்போது, செங்குத்தான இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் இருக்கும்போதே, சாவியை அணைத்து, அதே நேரத்தில் கிளட்சை மிதித்து வெட்டு, அப்போதுதான் பிளக்கில் ஏற்றம் மட்டும் பதிந்திருக்கும். நின்றதும் தீர்த்தகிரி அண்ணனைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல். கல் வைத்த பிறகுதான் நீ வண்டியை விட்டு இறங்க வேண்டும். மூன்றாம் பிளக்கை அங்கேயே கழற்றி அனுப்பு, அந்த இடத்தில் போட உன் முதல் செட்டில் ஒன்றைத் துடைத்து இதோடு வைத்திருக்கிறேன். சுடும், துணி வைத்துக்கொள்.

மாதவராஜ்


வத்தல்மலை
20 ஜனவரி

மூன்றாம் எண்ணின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாம் எண் என்றது நம் கடிதங்களில் மூன்றாவதை, 13ஆம் தேதி நான் எழுதியதை. பிளக்கை அல்ல. மண்டி முன்னால் நீங்கள் சொன்னதை மட்டும் அதில் விட்டுவைக்கிறேன். அது நடந்தது.

சாவி: ஆமாம். எல்லோரும் அணைக்கிறோம். அப்பா, ஜீப்காரர்கள், மினி டோர் சரக்கு ஆட்டோ ஓட்டுபவர்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது பிரேக்குக்கு அடுத்து இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதுவார்களா?

அப்பாவிடம் சொன்னேன். "சாவியப் போட்டுக்கிட்டு எறங்கறதா? பெட்ரோலு என்ன ஓடைத் தண்ணியா?" என்றார். வெடிப்பதுதான் அந்தப் பெட்ரோல் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார் என்றேன். கஞ்சியைக் குடித்து முடித்தார். "மாப்ள மலையில வண்டி ஓட்டியிருக்காரா?" இல்லை என்றேன். "அதான்." கொஞ்சம் கழித்து, அவராகவே, "வெடி எல்லா வண்டிக்கும் வராது. நம்மளுதுலதான் அதிகமா வரும்" என்றார். சம்மதம் இந்த அளவுக்குத்தான் கிடைக்கும்.

சாவி போட்டபடி இறங்கினேன். வெடி இல்லை. டீ தாமதமாக வந்தது.

ஏறும்போது ஒன்பதாம் வளைவுக்கு மேல், பலா மரம் இருக்கும் அந்த நேர் ஏற்றத்தில் வெட்டினேன். உங்கள் சொல்படி இரண்டும் ஒரே நேரத்தில். பிரேக்கில் என் முழு எடை. சத்தம் நின்ற பிறகு லோடு பின்னால் இழுப்பது முதுகில் தெரிந்தது. தீர்த்தகிரி அண்ணன் கல் வைத்தார். மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டு நான்காவதுக்குக் கல் தேடும்போது சொன்னார்: "மலையேத்தத்துல நிறுத்திக் கழட்டச் சொல்றாரு, பாலக்கோட்டுல நெழல்ல குந்திக்கிட்டு. ஒருநாளைக்கு வந்து இந்தக் கல்ல வைக்கச் சொல்லு உங்க வூட்டுக்காரர."

சுட்டது. துணியையும் மீறி.

அதைப் பார்த்தபோது முதல் முறையாக எனக்கும் படிக்கத் தெரிந்தது. ஈரம் இல்லை. கரி இல்லை. பீங்கான் வெளிர் சாம்பல் நிறம், சரியான சூட்டுக்கு வரும் தவிட்டு நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. கொப்புளம் இல்லை. சூடுதான், ஆனால் வேகவில்லை. என் கணிப்பு இது, பிளக் இதோடு இருக்கிறது. தவறென்றால் எழுதுங்கள்.

பழைய செட்டின் முனைகள் தேய்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குப் புதியது வேண்டும்.

தேன்மொழி


பாலக்கோடு
22 ஜனவரி

தேனு,

உன் கணிப்பு சரி. நானாக இருந்தால் 'கொஞ்சம்' என்பதைச் சேர்த்திருக்க மாட்டேன். நன்றாகவே வெளுத்திருக்கிறது. லோடு இன்னும் ஏறினாலோ வெயில் ஏறினாலோ கொப்புளம் வரும்.

இரண்டு செட் அனுப்புகிறேன். சிவப்பு நூல் கட்டியது பழைய பிளக்குக்குச் சமமான சூடு. கட்டாதது அதைவிட ஒரு படி குளிர்ந்தது.

இறக்கத்தில் சாவியை அணைக்கவே மாட்டாய் என்றால் குளிர்ந்ததைப் போடு. ஏற்றத்துக்கு அதுதான் பொருத்தம். பழக்கத்தில் கை போய் அணைத்துவிடும் என்றால், அல்லது மாமா ஓட்டத் தொடங்கினால், சிவப்பு நூல். குளிர்ந்ததைப் போட்டுவிட்டு அணைத்து இறங்கினால் அடுத்த ஏற்றத்தில் நிச்சயம் நிற்கும். ஓட்டுகிறவர் எப்படி ஓட்டுவார் என்பது பிளக் அட்டவணையில் இல்லை. பட்டறையில் இருந்துகொண்டு இதை நான் தேர்ந்தெடுக்க முடியாது. நீதான் எடுக்க வேண்டும்.

மண்டி முன்னால் சொன்னது. வேறு ஒருவன் உன்னைப் பார்த்து அப்படிச் சொல்லியிருந்தால் நான் கை நீட்டியிருப்பேன். சொன்னது நான் என்பதால் யாரை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனர்களைக் கழுவி அடுக்கினேன்.

தீர்த்தகிரி அண்ணன் கேட்டது நியாயம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை. தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் இறங்கிவிடலாம். ஒவ்வொரு வாரமும் முடியும். வரட்டுமா? கல் வைக்கத்தான் என்று எழுதலாம், ஆனால் அதற்காக இல்லை.

வேண்டாம் என்றால் அதையும் எழுது.

மாதவராஜ்


வத்தல்மலை
25 ஜனவரி

நூல் கட்டாததைப் போட்டேன்.

எடுப்பதற்கு முன் இரண்டையும் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல் பாதுகாப்பானது. நான் மறப்பேன் என்று வைத்துக்கொள்வது. மறக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, சொல்லிக்கொண்டேன். இப்போது சாவியின் மேல் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன், கை போனால் தடுக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "வண்டிக்குக் காயமா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழு லோடு. உரம், மேலே அரிசி, அதற்கு மேல் யாரோ சொல்லிவிட்ட சிமெண்ட். அடிவாரத்தில் கிளம்பும்போது நஞ்சம்மாள் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நின்னுச்சுன்னா எறங்கித் தள்ள ஆளு வேணுமில்ல." தீர்த்தகிரி அண்ணன் மூட்டை மேல்.

ஐந்தாம் வளைவில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கூழாங்கல் இல்லை. ஒன்பதாவதில் இரண்டாம் கியர் போதவில்லை, ஒன்றுக்கு இறக்கினேன். எடுத்தது. பலா மரத்துக்குக் கீழே எதிரே பஸ் வந்து, நான் முழுதாக நின்று, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நஞ்சம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். எடுத்தது. வழிவிட்டுப் போகும்போது முருகேஷ் படியில் நின்றபடி கட்டைவிரலைக் காட்டினார்.

மேலே வந்து இறங்கியதும் நஞ்சம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "சீட்டு ஒரே ஸ்பிரிங்கு. பொம்பள ஒக்காரற மாதிரியா இருக்குது." பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பி, "காப்பி முடியற வரைக்கும் நீயே ஓட்டு. தெனமும் வேணும். ஞாயித்துக்கெழம, நல்ல நாளு கெட்ட நாளுன்னு பாக்கக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு காலி வண்டியை ஒரு முறை கீழே கொண்டுபோய்த் திரும்பி வந்து மூன்றாம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தவிட்டு நிறம். அனுப்பவில்லை, வண்டியில் இருக்கிறது. நீங்கள் நம்ப வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு இரண்டு முறை எழுதி அடித்தேன். அடித்தது தெரியும், காகிதம் வீணாக வேண்டாம் என்று மாற்றவில்லை. மூன்றாவது முறை இது. பாலக்கோட்டுக்குத் திரும்பி வரும் தேதி என்னிடம் இல்லை. காப்பி முடிந்தாலும் இருக்காது. அப்பாவுக்காக இங்கே இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா நன்றாக இருக்கிறார். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இது தெரிந்த பிறகும் வருவதென்றால் வாருங்கள்.

தேன்மொழி


தேன்மொழி கடிதத்தைக் கடைசி பஸ்ஸில் முருகேஷிடம் கொடுத்தாள். அங்கிருந்து நஞ்சம்மாள் வீட்டுக்கு நடந்து போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓடாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.